பறக்கும் நடுகற்கள்

(வானொலி இலக்கிய உரைத்தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும், இலக்கிய நிகழ்ச்சியிலே இவர் பொறியியல் பேச வந்துவிட்டாரா என்று நேயர்களிற் சிலர் நினைக்கக்கூடும். இரண்டாம் உலக மகாயுத்த காலத்து விமானங்களை இன்றைக்கும் பழுதுபார்த்துப் பறக்கவைத்து, ஊருக்கு ஊர் நடக்கும் விமானக் கண்காட்சிகளுக்குக் கொண்டுசெல்கிறார்கள். மேலைநாடுகளிற் கோடை பிறந்துவிட்டால் இது ஒரு திருவிழா. நம்மூரில் தேர் பார்க்கப் போவதுபோலப் பாயும் குடையும் சாப்பாட்டுப் பொட்டலமுமாகக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அந்தக் கிழட்டு விமானங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

யுத்தத்தின் நினைவை ஒரு சமூகம் கல்லிலே பேணலாம், பாட்டிலே பேணலாம். ஆகாயத்திலே பறக்கவிட்டும் பேணலாமா? குண்டு போடுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொறி நினைவுச்சின்னம் ஆக முடியுமா? இது இலக்கியத்துக்கும் உரிய கேள்வி என்பது என் எண்ணம். ஆகாயத்தை அண்ணாந்து பார்த்து அஞ்சி வாழ்ந்த மக்களுக்கோ இது இன்னும் நெருக்கமான கேள்வி.

நம் இலக்கியத்தில் வான ஊர்திகளுக்குப் பஞ்சமில்லை. இராவணனின் புட்பக விமானத்தை அறியாதவர் இல்லை. புலவர்களாற் பாடப்பெற்ற புகழுடையோர், ஓட்டுபவன் இல்லாமலே இயங்கும் வான ஊர்தியைப் பெறுவர் என்று புறநானூற்றுப் புலவர் ஒருவர் சொல்கிறார். ஆனால், என் நெஞ்சை எப்போதும் தொடுவது சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறிதான். பகைவன் அரண்மனையைச் சூழ்ந்துகொண்டபோது, சச்சந்தன் என்னும் மன்னன் நிறைமாதக் கர்ப்பிணியான தன் மனைவி விசயையை அந்தப் பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போருக்குப் போய் மாண்டுபோகிறான். வானிலே செல்லும் விசயையின் காதில் பகைவனின் வெற்றி முரசு விழுகிறது. கணவன் இறந்தான் என்பதை அந்த ஓசையாலே அறிந்து அவள் மயங்குகிறாள். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கேதான் காப்பியத் தலைவன் பிறக்கிறான். திருத்தக்க தேவர் படைத்த அந்த விமானம் ஓர் அகதியின் விமானம். அதிற் போனவள் குண்டு போடப் போகவில்லை. உயிர் பிழைக்கப் போனாள்.

நம் காலத்து அனுபவமோ வேறு. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் விமானங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். பொம்மர் என்பார்கள், சகடை என்பார்கள், சுப்பர்சொனிக் என்பார்கள். ஓசையை வைத்தே இது இன்னது என்று நாலு வயதுப் பிள்ளை சொல்லும். எழுத்தறிவதற்கு முன்னரே அந்த ஓசைகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை நம்மிடையே இருக்கிறது. என் மகளும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவள். வீட்டுக் கோடியில் வெட்டிய பங்கருக்குள் அவள் வாய்ப்பாடு பாடமாக்கியிருக்கிறாள்.

அந்த மகள் இப்போது கனடாவில், ரொறன்ரோவுக்கு அருகே ஸ்காபரோவில் குடியிருக்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையை அவளோடு கழிக்கப் போயிருந்தேன். பேரனுக்கு அப்போது பத்து வயது. விமானம் என்றால் அவனுக்குப் பைத்தியம். "அம்மப்பா, ஹமில்டனில லங்காஸ்டர் நிக்குது, பாக்க வாறீங்களோ?" என்று அவன் கேட்டபோதுதான் இந்தக் கதை எனக்குத் தொடங்கியது.

ஹமில்டன், ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அந்த நகரின் விமான நிலையத்தை ஒட்டி, 1972இல் தொடங்கப்பெற்ற கனேடிய யுத்த விமான மரபுரிமை நூதனசாலை இருக்கிறது. அங்கேதான் அந்த லங்காஸ்டர் நிற்கிறது. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 31 மீற்றர். நான்கு மேர்லின் எஞ்சின்கள். ஓர் எஞ்சினுக்குப் பன்னிரண்டு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். ஆக, 96 பிளக்குகளும் ஒழுங்காக வேலை செய்தால்தான் அது கிளம்பும். யுத்த காலத்தில் 7,377 லங்காஸ்டர்கள் செய்யப்பட்டன. அவற்றுள் இன்று பறக்கவல்ல நிலையிற் பேணப்படுபவை இரண்டே இரண்டு. ஒன்று இங்கிலாந்தில், அரச விமானப்படையின் பிரித்தானியச் சமர் நினைவுப் பறப்புப் பிரிவிடம் இருக்கிறது. மற்றது இது.

இந்த விமானத்தை வடிவமைத்த கம்பனியின் பெயர் அவ்ரோ. அந்தப் பெயர் நம் காதுக்குப் புதியதல்ல. எயார் சிலோன் சேவையில் இரத்மலானையிலிருந்து வடக்கே பறந்த அவ்ரோ 748 அதே கம்பனியின் வரைபடத்திற் பிறந்ததுதான். அதற்கு முன் ஓடியது டக்கோட்டா. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதற் சேவை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனதும் ஒரு டக்கோட்டாவிலேதான். யுத்தம் முடிந்ததும் மிஞ்சிய போர்ப் பொறிகள், வேட்டி சால்வையோடு சென்னைக்குச் சங்கீத விழாவுக்குப் போனவர்களைச் சுமந்தன. பொறிக்கு மனச்சாட்சி கிடையாது. ஏற்றுவதைச் சுமக்கும், அவ்வளவுதான்.

ஹமில்டன் லங்காஸ்டரின் வரலாறு ஒரு நாவலுக்குரியது. அது பிறந்த இடம் மோல்டன். இன்று நம்மவர் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையம் இருக்கும் அதே மோல்டன்தான். அங்கிருந்த விக்டறி விமானத் தொழிற்சாலையில் 430 லங்காஸ்டர்கள் செய்யப்பட்டன. அவற்றை இணைத்துப் பூட்டிய கைகளிற் பெருந்தொகையானவை பெண்களின் கைகள். இந்த விமானம் வெளியே வந்த காலம் 1945 யூலை. ஐரோப்பாவில் யுத்தம் மே மாதமே முடிந்துவிட்டது. ஆகவே இது ஒரு குண்டுகூடப் போடவில்லை. இங்கிலாந்தில் இருக்கும் மற்றதும் அப்படியே. அது ஜப்பானுக்கு எதிராக அனுப்பப்படவிருந்தது. போவதற்கிடையில் அந்த யுத்தமும் முடிந்துவிட்டது. பறக்க எஞ்சிய இரண்டு லங்காஸ்டர்களும் யாரையும் கொல்லாதவை. இதைக் கேட்டபோது எனக்கு ஒரு சிறு ஆறுதல் ஏற்பட்டது உண்மை.

யுத்தத்துக்குப் பின் அது கடற்காவலிலும், காணாமற்போனவர்களைத் தேடும் பணியிலும் ஈடுபட்டது. 1963இல் ஓய்வு. அடுத்த ஆண்டு கோடெரிச் என்ற ஏரிக்கரைப் பட்டினத்தில் தூண்களின்மீது நினைவுச்சின்னமாக ஏற்றிவைத்தார்கள். அங்கே வெயிலிலும் பனியிலும் நின்றது. 1977இல் நூதனசாலை அதைப் பெற்றுக்கொண்டது. 1979இல் சினூக் ஹெலிகொப்டர் ஒன்று அதைத் தூக்கிவந்து ஹமில்டனில் சேர்த்தது. ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, அரித்ததை மாற்றி, தொண்டர்கள் உழைத்தார்கள். 1988 செப்டெம்பர் 24ஆம் திகதி அது மறுபடியும் பறந்தது. தூணிலே நின்ற சின்னம், தூணை விட்டிறங்கி ஆகாயத்துக்குப் போன கதை இது.

அதன் உடலில் ஒரு பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது: அன்ட்ரூ மினார்ஸ்கி. போலந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு வினிப்பெக் நகரிற் பிறந்தவர். 1944 ஜூன் 12ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளை. பிரான்ஸின் காம்பிறே புகையிரத நிலையத்தைத் தாக்கப்போன ஒரு லங்காஸ்டரில் அவர் மேற்கூண்டுத் துப்பாக்கிக்காரர். ஜேர்மன் விமானம் சுட்டதில் தீப்பிடித்துவிட்டது. எல்லோரும் குதிக்குமாறு விமானி கட்டளையிடுகிறார். மினார்ஸ்கி கதவடிக்கு வந்துவிட்டார். திரும்பிப் பார்க்கிறார். வாற்கூண்டில் இருந்த அவருடைய நண்பர் பற் புரோபி வெளியே வரமுடியாமற் சிக்கிக்கொண்டிருக்கிறார். மினார்ஸ்கி நெருப்புக்குள்ளே தவழ்ந்து போகிறார். கோடரியால் உடைத்துப் பார்க்கிறார். பின் வெறுங்கையாற் பிடுங்கிப் பார்க்கிறார். முடியவில்லை. உடையிலும் பரசூட்டிலும் தீ. போய்விடு என்று புரோபி கையால் காட்டுகிறார். மினார்ஸ்கி பின்வாங்கிக் கதவடிக்கு வந்து, எரிகின்ற உடையோடு நிமிர்ந்து நின்று, நண்பருக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் குதிக்கிறார். தீக்காயங்களால் அவர் இறந்துபோனார். விதியின் கூத்தைப் பாருங்கள், விமானம் தரையில் மோதியபோது வாற்கூண்டிலிருந்து வெளியே எறியப்பட்ட புரோபி உயிர் பிழைத்தார். அவர் சொல்லித்தான் மினார்ஸ்கி செய்தது உலகுக்குத் தெரிந்தது. 1946இல் விக்ரோரியாச் சிலுவை வழங்கப்பட்டது. சாட்சி பிழைத்திராவிட்டால் அந்தச் செயலும் நெருப்போடு போயிருக்கும்.

இதை வாசித்து நின்றபோது எனக்கு நடுகல் நினைவுக்கு வந்தது. போரில் இறந்தவனின் பெயரையும் செயலையும் கல்லிற் பொறித்து நட்டு வழிபட்டவர்கள் நம் முன்னோர். அதற்குரிய கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து வாழ்த்துவதுவரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. கல்லைத் தேடுவது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. ஹமில்டனில் நான் கண்டதும் ஏறக்குறைய அதுதான். பழைய விமானத்தைத் தேடிக் கண்டார்கள், தூக்கிவந்தார்கள், கழுவித் துடைத்தார்கள், பெயர் பொறித்தார்கள். படையலும் உண்டு. அந்த நான்கு எஞ்சின்களும் மணிக்கு நூற்றுக்கணக்கான லீற்றர் பெற்றோல் குடிக்கின்றன. அங்கத்தவர்கள் காசு கொடுத்து அதில் ஏறிப் பறக்கிறார்கள். அந்தக் காசு எண்ணெய்க்கும் உதிரிப்பாகங்களுக்கும் போகிறது.

கண்காட்சிக்குக் கொண்டுபோவது இலேசான காரியமல்ல. மேர்லின் எஞ்சின் தண்ணீரால் குளிராக்கப்படுவது. தரையில் அதிக நேரம் ஓடவிட்டால் சூடேறிவிடும். ஓடுபாதை ஓரத்தில் முறைக்குக் காத்துநிற்க அதற்குப் பொறுமையில்லை. மழைமுகிலுக்குள்ளே அதைக் கொண்டுபோகமாட்டார்கள். இறக்கையில் பனி படிந்தால் ஆபத்து. வால் சில்லிலே நிற்கும் விமானம் ஆதலால் பக்கக்காற்று பலமாக இருந்தாலும் இறக்குவது கடினம். நூறு மைல் தொலைவிலுள்ள சிறு பட்டினத்துக்குப் போவதென்றாலும், காலையில் ஆகாயத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். பணியில் நிற்போரிற் பலர் ஓய்வுபெற்றவர்கள். அங்கே ஒரு முதியவரைக் கண்டேன். எண்ணெய்த் துணியோடு எஞ்சின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சம்பளம் இல்லையாம். "என் தகப்பன் இதைப்போல ஒன்றில் போனார். திரும்பி வரவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

அவருடைய தகப்பனைப்போல் எத்தனைபேர்? பிரித்தானியக் குண்டுவீச்சுக் கட்டளைப் பிரிவிற் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் மடிந்தார்கள். அவர்களுள் கனேடியர் மட்டும் பத்தாயிரம் பேருக்குக் குறையாது. நூற்றுக்கு நாற்பத்துநாலு பேர் என்றால், ஏழு பேர் கொண்ட ஒரு விமானத்தில் மூவர். இருபது வயதும் இருபத்திரண்டு வயதும் உடைய இளைஞர்கள். இதை மறந்துவிட்டு அந்த விமானத்தைப் பற்றிப் பேசுவது அறமாகாது.

அந்த வார இறுதியில் ஒன்ராறியோவின் சிறு பட்டினம் ஒன்றில் கண்காட்சி இருந்தது. பேரனும் மருமகனும் நானும் புறப்பட்டோம். மகள் வரவில்லை. "நான் வரேல்லை அப்பா. நீங்கள் போட்டு வாங்கோ. எனக்கு அந்தச் சத்தம் ஒத்துவராது" என்றாள். மருமகன் வற்புறுத்தவில்லை. ரொறன்ரோ ஏரிக்கரையில் ஆண்டுதோறும் தொழிலாளர் தின விடுமுறையின்போது பெரிய விமானக் கண்காட்சி நடக்கும். அந்த மூன்று நாளும் அவள் யன்னலைச் சாத்திவிட்டு வானொலியைச் சத்தமாகப் போட்டுக்கொண்டிருப்பாளாம். அவள் மட்டுமல்ல; யுத்தங்களுக்குத் தப்பி அந்த நகருக்கு வந்த பல நாட்டவரும் அந்த ஓசையைத் தாங்கமாட்டாமல் எதிர்ப்புக் குரல் எழுப்புவதுண்டு.

பட்டினத்து விமானத்தளம் ஒரு புல்வெளி. மடக்குக் கதிரைகள், ஐஸ்கிறீம் வண்டி, பிள்ளைகளின் காதிலே ஓசை தடுக்கும் மூடிகள். சக்கர நாற்காலியில் பதக்கங்களோடு ஒரு முதியவர். முதலில் ஓசை வந்தது. ஜெற் விமானத்தின் கிழிக்கும் ஓசையல்ல. அடித்தொண்டையிற் சுதி பிடித்ததுபோன்ற ஒரு முழக்கம். பிறகு மரங்களுக்கு மேலே அந்தக் கரிய உருவம். எல்லோரும் எழுந்து நின்றார்கள். சக்கர நாற்காலிக்காரரின் கை மெல்ல நெற்றிக்குப் போயிற்று. அறிவிப்பாளர் மினார்ஸ்கியின் கதையைச் சொன்னார். என் கண்ணும் கலங்கியது. அதேவேளை என் கால்கள் என்னை அறியாமலே, ஒதுங்க எங்கே இடம் இருக்கிறதென்று தேடின. இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்ந்தன.

மாலை வீடு திரும்பியதும் மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பேரன் கண்டதெல்லாம் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கீழ இருந்த ஆக்களைப் பற்றி ஏதும் சொன்னவையோ, அப்பா?"

"இல்லைப் பிள்ளை" என்றேன்.

நேயர்களே, இந்த உரையில் நான் சொல்ல வந்தது முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. 1943 யூலையில் ஹம்பேர்க் நகரில் மூண்ட தீப்புயலில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1945 பெப்ரவரியில் டிரெஸ்டன் நகரில் இறந்தவர் தொகை 25,000 வரை என்று வரலாற்றாசிரியர் குழுவொன்று 2010இல் முடிவு கண்டது. அவர்களிற் பெருந்தொகையானோர் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும். நாசிகளின் கொடுங்கோன்மையை முறியடிக்கவேண்டியிருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த முறியடிப்புக்கு அவ்விளைஞர்கள் கொடுத்த விலையிலும் ஐயமில்லை. ஆனால் பங்கருக்குள் வாய்ப்பாடு பாடமாக்கிய ஜேர்மன் பிள்ளை ஒன்று எங்காவது இருந்திருக்குமல்லவா? அதற்கு நடுகல் எது?

இந்தக் கேள்வியை அங்குள்ளோர் சிலரும் எண்ணிப்பார்த்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்று உண்டு. குண்டுவீச்சுப் பிரிவில் மடிந்தோருக்கு லண்டன் கிறீன் பார்க்கில் நினைவாலயம் திறக்கப்பட்டது 2012 ஜூன் 28ஆம் திகதிதான். யுத்தம் முடிந்து அறுபத்தேழு ஆண்டுகள் ஆகிவிட்டன. செய்ததைப் பெருமையாகச் சொல்லவும் முடியாமல், இறந்தவர்களை மறக்கவும் முடியாமல் ஒரு நாடு அத்தனை காலம் தயங்கியிருக்கிறது. அந்த நினைவாலயத்தில், 1939 முதல் 1945 வரை குண்டுவீச்சுகளில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் இது நினைவுகூர்கிறது என்ற பொருள்பட ஒரு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. திறப்பு விழாவன்று இங்கிலாந்தின் லங்காஸ்டர் மேலே பறந்து செந்நிறப் பொப்பி மலர்களைச் சொரிந்தது. குண்டறைக் கதவு திறந்து பூ விழுந்த காட்சி.

அந்தக் குண்டறையிலிருந்து அரிய வேறொன்றும் ஒருகாலத்தில் விழுந்திருக்கிறது. 1945 ஏப்ரில் 29 முதல் மே 8 வரை, நெதர்லாந்தில் பட்டினியால் வாடிய மக்களுக்கு லங்காஸ்டர்கள் உணவு மூட்டைகளைப் போட்டன. ஆறாயிரம் தொன்னுக்கும் அதிகமான உணவு. அந்நடவடிக்கைக்கு, வேதாகமத்தில் வானிலிருந்து பொழிந்த மன்னாவின் பெயரை வைத்தார்கள். இதை மகளுக்குச் சொன்னேன். "அதையும் சொல்லட்டும் அப்பா. மற்றதையும் சொல்லட்டும்" என்றாள்.

இப்படிப்பட்ட விமானங்களைப் பறக்கவிடத்தான் வேண்டுமா, நூதனசாலையில் நிறுத்திவைத்தாற் போதாதா என்று கேட்போர் உண்டு. அவர்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஹமில்டன் நூதனசாலையை நிறுவியவர்களுள் ஒருவரான அலன் நெஸ், 1977இல் ரொறன்ரோ கண்காட்சியில் ஃபயர்ஃபிளை விமானத்தோடு ஏரியில் விழுந்து மாண்டார். 2019 ஒக்டோபர் 2ஆம் திகதி அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்தில் பீ-17 குண்டுவீச்சு விமானம் ஒன்று விழுந்து ஏழு பேர் இறந்தனர். 2022 நவம்பர் 12ஆம் திகதி டலஸ் நகரக் கண்காட்சியில் இரு பழைய விமானங்கள் வானில் மோதி ஆறு பேர் பலியாயினர். 2024 மே 25ஆம் திகதி இங்கிலாந்தின் நினைவுப் பிரிவைச் சேர்ந்த ஸ்பிற்பயர் விழுந்து விமானி உயிரிழந்தார். இறந்தவர்களை நினைப்பதற்காக இருப்பவர்கள் இறக்கவேண்டுமா?

மறுபக்கத்தில், 2014இல் நடந்ததைப் பாருங்கள். ஹமில்டன் லங்காஸ்டர் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தது. லப்ரடோரிலுள்ள கூஸ் பே, கிறீன்லாந்தின் நர்சர்சுவாக், ஐஸ்லாந்தின் கெப்லாவிக் எனத் தங்கித் தங்கிப் பறந்து, ஆகஸ்ட் 8ஆம் திகதி இங்கிலாந்தின் கொனிங்ஸ்பி தளத்தில் இறங்கியது. சுமார் ஆறு வாரங்கள் இரண்டு லங்காஸ்டர்களும் சோடியாகக் கண்காட்சிகளுக்குப் போயின. நடுவிலே கனடா விமானத்தின் ஓர் எஞ்சின் பழுதாயிற்று. இங்கிலாந்துப் பிரிவினர் தங்களிடமிருந்த ஒன்றை இரவல் கொடுத்தார்கள். ஊர்தோறும் மக்கள் வேலியோரங்களிற் கூடினார்கள். அப்படிக் கூடிய இடங்களிலேதான் முதியவர்கள் வாய் திறந்தார்கள். ஐம்பது, அறுபது ஆண்டுகள் மனைவி மக்களிடமும் சொல்லாதவற்றை அந்த ஓசை அவர்களிடமிருந்து கறந்தெடுத்தது என்று ஹமில்டனில் என்னிடம் சொன்னார்கள். நின்றுகொண்டிருக்கும் விமானத்தைச் சுற்றிப் பார்க்கலாம். பறக்கின்ற விமானமோ ஞாபகத்தை எழுப்புகிறது. என் மகள் யன்னலைச் சாத்துவதும் அதே காரணத்தாற்றான்.

இந்த இடத்தில் நம் நாட்டுக்குக் கனடா பட்ட ஒரு செய்கடனையும் சொல்லவேண்டும். இல்லை, நாம் பட்ட கடன் என்பதே சரி. ஹமில்டனுக்கு அருகே சென். கதரின்ஸ் என்ற ஊரிற் பிறந்தவர் லெனாட் பேர்ச்சல். 1942 ஏப்ரில் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து கற்றலினாக் கடல்விமானத்திற் புறப்பட்டு, இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைத் தென்கடலிற் கண்டு செய்தி அனுப்பினார். அதற்குள் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. பிழைத்தவர்களோடு அவர் யுத்தம் முடியும்வரை கைதியாக இருந்தார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பு தாக்கப்பட்டது. இரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் எழும்பின. 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் கப்பல் மூழ்கியது. அன்றைய நம் பாட்டன் பாட்டிகளுக்கு மேலே பறந்த ஒருவகை ஓசை யமன். மற்றொருவகை ஓசை காவல். எது எதுவென்று கீழே நிற்பவன் அறிவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

ஆகவே என் முடிவை இவ்வாறு சொல்வேன். அந்த விமானங்கள் பறக்கட்டும். ஓய்வுபெற்ற அந்த முதியவர் தன் தகப்பனுக்காகத் துடைக்கும் எஞ்சினை நிறுத்து என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பாதுகாப்பு விதிகளை இறுக்குவது அந்நாட்டு அதிகாரிகளின் பொறுப்பு. ஆனால், ஒலிபெருக்கியில் மினார்ஸ்கியின் கதை சொல்லப்படும் வேளையில், கீழே எரிந்த தெருக்களின் பெயர்களும் சொல்லப்படவேண்டும். கிறீன் பார்க்கில் ஒரு வரியாகக் கல்லில் இருப்பது, கண்காட்சித் திடல்களில் குரலாக ஒலிக்கவேண்டும். அப்போதுதான் அது நினைவு. இல்லையேல் வெறும் வேடிக்கை.

இலக்கியகாரருக்கும் இதிலே ஒரு வேலை இருக்கிறது. நடுகல் எழுதியவன் வென்றவன் பக்கத்து ஆள். ஆனால் திருத்தக்க தேவர் வென்றவனின் முரசோசையை, தோற்றவன் மனைவியின் காதால் நம்மைக் கேட்கச் செய்தார். அந்தக் காதுதான் இலக்கியம். நம் நாட்டின் யுத்தம் 2009இல் முடிந்தது. இனி இங்கே எழுதப்படும் கதைகளிலும் கவிதைகளிலும், எழுப்பப்படும் சின்னங்களிலும், மேலே பறந்தவனின் பெயருக்குப் பக்கத்தில் கீழே பதுங்கியிருந்த பிள்ளையின் பெயருக்கும் ஓரிடம் ஒதுக்கப்படவேண்டும். அவனும் ஒரு தாயின் பிள்ளைதான். பதுங்கியதும் ஒரு தாயின் பிள்ளைதான்.